பங்கு கேட்ட தங்கை, ‘வேண்டாம்’ என்ற அக்கா

பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ 2025 மே மாதம் சர்வதேச புக்கர் பரிசை வாங்கியபோது நம்மவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் அதிகம் பேசினார்கள். கன்னடத்துக்குக் கிடைத்த முதல் சர்வதேச புக்கர், அதுவும் சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்த முதல் சர்வதேச புக்கர். அதற்கு மேல் போனவர்களும் ‘முஸ்லிம் பெண்களின் துயரம்’ என்ற ஒரே வரியில் 12 கதைகளையும் மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. துயரம் பொதுச்சொல். யாருடைய துயரம் என்று கேட்டால் எல்லாருடையதும் என்று பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். இந்தத் தொகுப்பில் ஒரு கதையின் துயரத்தைப் பின்னமாகவே எழுதிக் காட்டலாம். எட்டில் ஒன்று, ஏழில் ஒன்று என்று. அந்தக் கதையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கதையின் பெயர் ‘ஃபயர் ரெய்ன்’, நெருப்பு மழை. தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். உஸ்மான் என்பவர் ஊர்ப் பள்ளிவாசலின் முத்தவல்லி. அவருடைய தங்கை குடும்பச் சொத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருத்திக்குக் கொடுத்தால் மற்ற தங்கைகளும் கேட்பார்களே. அந்த நேரம் பார்த்து வேறொரு செய்தி வருகிறது. ஒரு முஸ்லிமின் உடல் இந்துக்களின் மயானத்தில் புதைக்கப்பட்டுவிட்டதாம். முத்தவல்லிக்குப் புது உயிர் வந்துவிடுகிறது. அந்த உடலைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்தே தீருவது என்று கிளம்புகிறார். ஊர் அவர் பின்னால் திரள்கிறது. அப்புறம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிட மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையின் பலம் அதன் விகிதத்தில் இருக்கிறது. தங்கையின் கேள்விக்குக் கொஞ்சம் இடம், பிணத்துக்கு நிறைய இடம். படிக்கிற நாமும் பிணத்தின் பின்னால் ஓடுகிறோம். நாற்றம், ஊர்வலம், அதிகாரிகள், மானப் பிரச்சினை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைக்கிறது, நாமும் தங்கையை மறந்துவிட்டோம் என்று. முத்தவல்லி தன் மனசாட்சிக்குச் செய்ததைக் கதை வாசகனுக்குச் செய்துவிடுகிறது. ஹாசனில் வழக்கறிஞராகவும் இருக்கும் பானு முஷ்தாக்குக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சொத்து விஷயத்தில் ‘கொடுக்க முடியாது’ என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. அதைவிட அவசரமான ஒன்று எப்போதும் வந்துவிடும். ஒரு மய்யித்து, ஒரு கல்யாணம், பள்ளிவாசலுக்குப் புது மினாரா. பங்கு கேட்டவள் காத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஊரில் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற சட்டம் மற்றவர்களைவிட முத்தவல்லிக்கு நன்றாகத் தெரியும். அறியாமை என்று சொல்லி அவர் ஒதுங்க முடியாது.

தமிழில் சொத்தைப் பற்றிய முஸ்லிம் நாவல் என்றதும் தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’தான் ஞாபகம் வரும். 1997இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடியே, வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் விற்றுத் தின்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் படும் பாட்டை மீரான் மறைக்கவில்லை, அதபுப் பிரம்பின் வீச்சு நாவல் முழுக்கக் கேட்கிறது. ஆனாலும் படித்து முடித்ததும் மனசில் பெரிதாக நிற்பது சரிந்துபோகிற அந்த வீடு. கிடைத்ததை அழித்தவனின் கதை அது. கிடைக்கவே கிடைக்காதவளின் கதையை எழுதுவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் நடப்பதில்லை. தூண் சரியாது, அலமாரி விலைபோகாது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ‘நெருப்பு மழை’ எனக்கு முக்கியமாகப்பட்டதற்கு இதுதான் காரணம். ஒன்றுமே நடக்காத அந்த இடத்தைச் சுற்றி அது ஒரு பெரிய ஆரவாரத்தைக் கட்டிக் காட்டுகிறது.

நான் இதை தாசேக் கெலுகோரிலிருந்து படிக்கிறேன். பினாங்கு என்றால் எல்லாருக்கும் தீவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாசி கண்டாரும்தான். எங்கள் ஊர் கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையின் வடக்கே, ரயில் நிற்கிற சின்ன ஊர். என் அத்தாவின் அத்தா ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, சாமான் கடை வைத்து, 4 ரெலோங் நிலம் வாங்கினார். ரெலோங் எங்கள் வட்டார அளவு, ஒரு ரெலோங் ஏறக்குறைய 0.29 ஹெக்டேர். பாதியில் ரப்பர், மீதியில் தென்னையும் ஒரு பலகை வீடும். 1994இல் அவர் மவுத்தானார். கெராணில் இன்றைக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது. மலேசியாவில் இது அதிசயமே இல்லை, செத்தவர்களின் பெயரில் கிடக்கிற நிலம் இங்கே ஏராளம்.

கணக்கைப் பார்ப்போம். நான் எஞ்சினியர், எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். அவர் விட்டுப்போனது மனைவி, 2 மகன்கள், 3 மகள்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு. மகனுக்கு 2, மகளுக்கு 1 என்ற விகிதத்தில் பிரித்தால் மொத்தம் 7 கூறு. ஆக, நிலம் அழகாக 8 சம கூறாகிறது. மனைவிக்கு 1, மகள்களுக்கு ஆளுக்கு 1, மகன்களுக்கு ஆளுக்கு 2. பெண்களின் கூறுகளைக் கூட்டிப் பாருங்கள். நாலு. சரிபாதி. அதாவது, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்று எல்லாரும் குறை சொல்கிற அதே சட்டப்படி, அன்றைக்கு அந்த 4 ரெலோங்கில் 2 ரெலோங் பெண்களுடையது. பிறகு அவருடைய மனைவியும் போய்ச் சேர்ந்தார். அவர் பங்கு அதே விகிதத்தில் பிள்ளைகளுக்கு இறங்கியது. இன்றைக்கு ஒவ்வொரு மாமிக்கும் ஏழில் ஒன்று.

அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த அல்குவாரிஸ்மியின் 9ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தில் பின்பகுதி முழுக்க வாரிசு, மரணசாசனக் கணக்குகள்தான். எக்ஸ், ஒய் என்று நாம் பள்ளியில் படித்தது, செத்தவர் விட்டுப்போனதை இருப்பவர்களுக்குப் பிரிப்பதற்கும் பயன்பட்ட கலை. ஆயிரம் வருடத்துக்கு மேல் தீட்டப்பட்ட இந்தக் கணக்கு, பங்கு எத்தனை என்று துல்லியமாகச் சொல்லிவிடும். வாங்கிக் கொடுக்காது.

இங்கே 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தில் விசாரணை நடக்கும். வாரிசுகள் வர வேண்டும், வர முடியாதவர்கள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஃபராயித் கணக்குக்கு மாறாகவும் பிரித்துக்கொள்ளலாம். பெரியத்தா மனு போட்டார், இரண்டு வருடத்துக்கு முன்னால் விசாரணை வந்தது. நான்தான் கார் ஓட்டிப் போனேன். மகன்கள் இருவர் பெயரிலும் நிலத்தை மாற்றுவது என்று திட்டம். அதிகாரி மூத்த மாமியைப் பார்த்து, “செத்தூஜு?” என்றார். சம்மதமா என்று அர்த்தம். மாமிக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. அத்தாவைப் பார்த்து, “எனக்கு வேண்டாம் தம்பி” என்றார், தமிழில். அத்தா அதிகாரி பக்கம் திரும்பி, “செத்தூஜு, துவான்” என்றார். அதிகாரி மறுபடி மாமியைப் பார்த்தார். மாமி தலையாட்டினார்.

அந்த மொழிபெயர்ப்பை நான் பலமுறை யோசித்துவிட்டேன். ‘வேண்டாம்’ மறுப்புச் சொல். ‘செத்தூஜு’ ஒப்புதல் சொல். ஒன்று இன்னொன்றாக மாறுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, அந்த அறையில் யாருக்கும் அது விநோதமாகவும் படவில்லை. அகராதிப்படி பிழை. குடும்பத்தின்படி சரி. மாமி மறுத்தது நிலத்தையா, அல்லது தம்பியோடு வரக்கூடிய சண்டையையா? கெராணில் இதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் கதைக்கு இருக்கிறது, இருக்க வேண்டும்.

மூத்த மாமியைக் கேட்டால் அவர் தெளிவாகவே சொல்வார். “பொறந்த வீட்டு வாசல் தெறந்திருக்கணும்ல?” பெருநாளைக்குப் போய் நிற்க ஒரு வீடு. புருஷன் கைவிட்டால், பிள்ளை கைவிட்டால், போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு. அதற்காகப் பங்கை விடுகிறார். எஞ்சினியர் பாஷையில் சொன்னால் இது இன்சூரன்ஸ். ஏழில் ஒன்றை முழுசாக முன்கூட்டியே பிரீமியமாகக் கட்டிவிட்டார், பாலிசிப் பத்திரம் கையில் கிடையாது. பெண் கணக்குத் தெரியாமல் ஏமாந்துவிட்டாள் என்று எழுதுகிற கதைகளை நான் நம்பாததற்கு மாமிதான் காரணம். அவருக்குக் கணக்கு தெரியும். வேறொரு கணக்கையும் சேர்த்தே போடுகிறார். அவரை அப்படிப் போட வைப்பது எது என்பதுதான் கேள்வி.

‘நிலம் துண்டு துண்டாப் போயிடும்’ என்பது பெரியத்தாவின் வாதம். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளாக உடைக்கவே முடியாது. மாமியின் ஏழில் ஒன்றுக்கு வேலி போட முடியாது, தனிக் கெராண் வாங்கவும் முடியாது. ஒரே கெராணில் ஐந்து பெயர் ஏறும், பக்கத்தில் ஐந்து பின்னங்கள். நிலம் உடையாது. பெயர் மட்டும் ஏறும். அந்தப் பெயர்தான் கஷ்டமாக இருக்கிறது.

பெயர் என்றதும் பினாங்கின் பழைய வழக்கு ஒன்று. 1871, பாத்திமாவும் மற்றவர்களும் எதிர் லோகனும் மற்றவர்களும். மலேசியச் சட்டம் படிக்கிற எல்லாரும் முதல் வருடத்திலேயே சந்திக்கிற வழக்கு இது. ஆங்கிலச் சட்டம் பினாங்குக்கு வந்த கதைக்கு உதாரணமாகத்தான் சொல்லித் தருவார்கள். வழக்கின் நடுவில் இருந்தது முகமது நூர்தீன் என்ற வணிகரின் உயில். சூலியா தெருவில் அவர் குடும்பத்தின் கல்லறை மாடம் இன்றும் நிற்கிறது. முஸ்லிம் சட்டப்படி ஒருவர் உயிலால் எழுதி வைக்கக்கூடியது மூன்றில் ஒன்றுதான், மீதியில் வாரிசுகளின் பங்கைத் தொட முடியாது. அந்தச் சட்டத்தைக் கொண்டு உயிலைப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தை நீதிபதி ஹாக்கெட் ஏற்கவில்லை. இங்கே ஆங்கிலச் சட்டமே சட்டம், ஒரு முஸ்லிம் தன் சொத்து முழுவதையும் இஷ்டப்படி எழுதி வைக்கலாம் என்றார். 1835லேயே, அப்துல்லா என்பவரின் சொத்து வழக்கில் மால்கின் என்ற நீதிபதி இதே முடிவுக்கு வந்திருந்தார். மலாய் மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே 1915இல் ஒரு வழக்கில் மூன்றில் ஒன்று என்ற வரம்பை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது.

அந்தத் தீர்ப்பை ஓர் இலக்கிய வாசகனாகப் பார்த்தால் என் கண்ணில் முதலில் படுவது தலைப்புதான். முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயர். இன்றைக்கு ஷரியத் என்றாலே பெண்ணுக்குக் கிடைப்பதைக் குறைக்கிற ஒன்று என்றுதான் பேச்சு. அன்றைய பினாங்கில், உயில் எழுதுகிற ஆணின் வரம்பற்ற சுதந்திரத்துக்கு எதிரே வைக்கக் கையில் இருந்த சட்டம் அதுதான். தகப்பன் நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே மகனுக்கு எழுதிவிடலாம் என்கிற இடத்தில், மகளுக்குக் குறைந்தது இவ்வளவு என்று சொல்கிற பின்னம் சின்ன விஷயமா? குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 7ஆம் வசனம், சொத்து கொஞ்சமோ அதிகமோ, பெற்றோர் விட்டுச் சென்றதில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று சொல்வது இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் கதை நேராக இல்லை. இந்தியாவில் 1937இல் வந்த ஷரியத் சட்டம் வழக்காறுகளை ஒதுக்கிவிட்டு முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டமே பொருந்தும் என்றது. ஆனால் விவசாய நிலத்துக்கு விலக்கு வைத்தது. கிராமத்தில் சொத்து என்றால் நிலம்தானே! முக்கியமானதை வெளியே வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை எடுத்தது. இதனால் வழக்காறு என்றாலே பெண்ணுக்கு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. காயல்பட்டினத்தில் கல்யாணமான பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்கிற வழக்கம் உண்டு. அங்கே வீடு பெண் வழியாக இறங்குகிறது. அதே மார்க்கம்தான், வேறு வழக்கம்.

சட்டமே இடிக்கிற இடங்களும் இருக்கின்றன, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை வக்கீல் வேலை ஆகிவிடும். மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டுதான், மிச்சத்தில் தகப்பனின் உடன்பிறந்தவர்களுக்குப் பாத்தியதை வரும். கேரளத்தில் வழக்கறிஞரும் நடிகருமான ஷுக்கூர், தன் 3 மகள்களுக்காக, 2023 மார்ச் 8 அன்று தன் மனைவி ஷீனாவையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். சொத்து முழுவதும் மகள்களுக்குச் சேர அவருக்குத் தெரிந்த வழி அது. மலேசியாவில் இதே கவலை உள்ள தகப்பன்மார் உயிரோடு இருக்கும்போதே ஹிபா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹிபா என்றால் தானம். மார்க்கத்துக்குள்ளேயே உள்ள வழி, சட்டமும் ஏற்கிறது. ஆக, வழி தேட நினைத்தவர்களுக்கு எப்போதும் ஏதோ ஒரு வழி இருந்திருக்கிறது.

நம் இலக்கியக் கூட்டங்களில் இந்த விஷயம் வந்தால் விவாதம் உடனே ஒரு தண்டவாளத்தில் ஏறிவிடும். ஏன் பாதி, ஏன் முழுசு இல்லை? ஒரு தரப்பு, ஆணுக்குத்தான் குடும்பத்தைக் காப்பாற்றும் கடமை, அதனால் அவனுக்கு இரண்டு என்று சொல்லும். இன்னொரு தரப்பு, இன்றைக்குப் பெண்ணும் சம்பாதிக்கிறாளே என்று கேட்கும். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இரண்டு தரப்புமே பாதி கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. ‘நெருப்பு மழை’யின் தங்கை முழுசைக் கேட்கவில்லை. சட்டம் சொன்னதைத்தான் கேட்டாள். அதற்கே அண்ணனுக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

எங்கள் குடும்பத்தில் கேட்டவர் சின்ன மாமி. பிறையில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருடம் நின்று வேலை பார்த்தவர். அன்றைக்கு அவர் முறை வந்தபோது அத்தாவைப் பார்க்கவே இல்லை. அதிகாரியைப் பார்த்து, “சாயா தாக் செத்தூஜு” என்றார். எனக்குச் சம்மதம் இல்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லாமல் போனது. விசாரணை தள்ளிப்போடப்பட்டது. அதிலிருந்து குடும்பத்தில் அவருக்குக் ‘கோர்ட்டு மாமி’ என்று பெயர். அடுத்து வந்த கந்தூரிக்கு அவரை அழைக்கவில்லை. பாதி, முழுசு விவாதத்தை ஒருநாள் அவரிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். “பாதியா முழுசான்னு அப்புறமா சண்டை போடுங்க தம்பி. மொதல்ல அந்தப் பாதியக் குடுக்கச் சொல்லு” என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொன்ன ஒரு வரியை நான் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை.

இங்கேதான் ‘நெருப்பு மழை’யோடு எனக்கு ஒரு சின்ன வழக்கும் இருக்கிறது. கதை பெரும்பாலும் அண்ணனின் தலைக்குள் நடக்கிறது. அவருடைய கோபம், அவருடைய அச்சம், அவருடைய மானம். அது தெரிந்தே எடுத்த முடிவு, அதனால்தான் நழுவலின் உள்கட்டமைப்பு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தங்கை கேட்கப் போவதற்கு முந்தின இரவு எப்படிக் கழிந்திருக்கும்? எத்தனை தடவை போகலாம், வேண்டாம் என்று மாற்றிக்கொண்டிருப்பாள்? வாசல் மூடினால் மூடட்டும் என்று எந்த இடத்தில் துணிந்திருப்பாள்? கதையின் கேமரா அந்தப் பக்கம் திரும்புவது குறைவு. மறுப்பவனின் மனசை எழுத நமக்கு இப்போது ஒரு நல்ல மாதிரி கிடைத்துவிட்டது. கேட்பவளின் மனசும், ‘வேண்டாம்’ என்று தலையாட்டுகிறவளின் மனசும் பாக்கி. அதிலும் ‘வேண்டாம்’ இன்னும் கஷ்டம். அவளைப் பாவம் என்று எழுதினால் பொய், தியாகி என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். தமிழில் எழுதுகிற என் வயசுக்காரர்கள், முக்கியமாக மலேசியாவில் எழுதுகிறவர்கள், ஒரு நில அலுவலக அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். மூன்று மொழியில் ஒரு சொல் என்ன பாடுபடுகிறது என்று அங்கே கேட்கும்.

போன மாசம் சின்ன மாமி வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். முத்தவல்லி, மயானம், தோண்டி எடுத்தது, ஊர்வலம் எல்லாவற்றையும் கொஞ்சம் நடித்தே காட்டினேன். மாமி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே முழுசும் கேட்டார். பிணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடித்ததும், “சரி, அந்தத் தங்கச்சிக்குப் பங்கு கெடச்சுதா?” என்றார்.